வெட்டிப் பார்க்காத ஜோடி

1

ஜொகூரில், எங்கள் மாசாயில் டுரியான் வெட்டுகிற அழகை நீங்கள் ஒருமுறை வந்து பார்க்க வேண்டும். வலது கையில் கத்தி இருக்கும். இடது கையில், பனி கொட்டுகிற நாடுகளில் தோட்டவேலை செய்பவர்கள் போட்டுக்கொள்ளும் கனத்த கையுறை இருக்கும். உள்ளே மெத்தென்ற கம்பளிப் பஞ்சு, வெளியே தண்ணீர் புகாத ரப்பர். டுரியான் முள் அதை ஒன்றும் செய்வதில்லை. எதிர்வீட்டுத் தனபாலன் அண்ணன் இடுப்பில் கைலி, இடக்கையில் குளிர்காலக் கையுறை, முதுகெல்லாம் வியர்வை என்று வாசலில் குந்திப் பழம் பிளப்பார். "ராணி, உங்க கம்பெனி கிளவ்ஸ் இல்லன்னா எனக்கு டுரியான் சீசனே இல்ல லா!" என்பார்.

எங்கள் தெருவில் பாதி வீடுகளில் இந்தக் கையுறை உண்டு. மீன்கடை பாய் ஐஸ் அள்ளுவதும் இதைப் போட்டுக்கொண்டுதான். எல்லாமே இடது கை. வலது கை ஒருவரிடமும் கிடையாது. அதற்குக் காரணம் நானும் என்னோடு வேலை பார்க்கும் பெண்களும்தான்.

பாசிர் கூடாங் பக்கம் ஒரு கையுறைத் தொழிற்சாலையில், தரம் பார்க்கிற பிரிவில் இருக்கிறேன். ஒவ்வொரு முறை சரக்கு வரும்போதும் அதிலிருந்து சில ஜோடிகளை உருவி எடுப்போம். வலது கையை ஒரு மரக்கையில் மாட்டித் தண்ணீர்த் தொட்டியில் அமுக்கி வைப்போம். பிறகு வெளியே எடுத்து, கத்தரியால் விரல் விரலாக வெட்டித் திறந்து, உள்ளே பஞ்சு நனைந்திருக்கிறதா என்று தொட்டுப் பார்ப்போம். ஏன் வலது கை என்று கேட்டால், அதுதான் அதிகம் உழைக்கிற கை, அதைத்தான் சோதிக்க வேண்டும் என்று எந்தக் காலத்திலோ யாரோ முடிவு செய்திருக்கிறார்கள். இடது கை தனியாக மிஞ்சும். அதை நாங்கள் வீட்டுக்குக் கொண்டுபோகலாம். முழு ஜோடி மட்டும் வாயிலைத் தாண்டக் கூடாது. காவலர் பையைத் திறந்து பார்ப்பார்.

இந்த வேலையில் ஒரு கோணல் இருக்கிறது. வெட்டிப் பார்த்த கையுறையைப் பற்றித்தான் அது நல்லதென்று எங்களுக்கு உறுதியாகத் தெரியும். வெட்டிய பிறகு அது யாருக்கும் உதவாது. வெட்டாமல் பெட்டிக்குள் போவதெல்லாம் வெறும் நம்பிக்கையின் பேரில் கப்பல் ஏறுகிறது.

பெட்டியின் மேல் ஒரு படம் உண்டு. ஒரு வெள்ளைக்காரப் பெண் பனிக்குள் மண்டியிட்டு ஏதோ கிழங்கைப் பிடுங்கிக்கொண்டு பல் தெரியச் சிரிக்கிறாள். என் பக்கத்து மேசை காக் ரோஸ் (மலாயில் காக் என்றால் அக்கா) ஜொகூரை விட்டு எங்கும் போனவர் இல்லை. "இவ்வளவு குளிரில் இவள் எதற்குச் சிரிக்கிறாள்?" என்று வருடம் முழுக்கக் கேட்டுக்கொண்டிருப்பார். அந்த மேசையில் எனக்கு மட்டும்தான் பதில் தெரியும். அவள் கையில் கையுறை இருக்கிறது. என் அம்மா அப்பா கையில் இருந்ததில்லை.

2

நான் கொடைக்கானலுக்கும் மேலே மன்னவனூரில் பிறந்தவள். நீங்கள் அங்கே போயிருப்பீர்கள். புல்வெளியில் நின்று படம் எடுத்திருப்பீர்கள். அழகான ஊர்தான், ஸ்வெட்டர் போட்டு ஒரு நாள் பார்த்துவிட்டுக் கீழே இறங்குகிறவர்களுக்கு.

எனக்கு அந்தக் குளிர் பிடிக்காது. அப்போதும் பிடிக்காது, இப்போதும் பிடிக்காது. மார்கழி, தை மாதங்களில் புல்லெல்லாம் வெள்ளையாக விடியும். கேரட் இலையின் மேல் பனி உறைந்து நிற்கும். அந்தப் பனியின் மேல் நேராக வெயில் பட்டால் இலை வெந்ததைப் போலக் கருகிவிடும். ஆகவே சூரியன் மேட்டைத் தாண்டி எட்டிப் பார்ப்பதற்குள் பாத்தி முழுவதும் தண்ணீரை விசிறிப் பனியைக் கரைத்துவிட வேண்டும். இந்தப் பக்கம் அப்பா, அந்தப் பக்கம் அம்மா. ரப்பர்க் குழாயின் வாயில் வலது கட்டைவிரலை அமுக்கி வைத்துத் தண்ணீரைப் பூவாக விசிறுவார்கள். அது பனியைவிடக் குளிர்ந்த ஓடைத் தண்ணீர். வேலை முடிந்து வந்தால் அம்மாவால் தீக்குச்சி உரச முடியாது. நான்தான் அடுப்பு மூட்டிக் கொடுப்பேன். மூட்டும்போதெல்லாம், இந்த ஊரை விட்டு ஓடிவிட வேண்டும் என்று நினைப்பேன்.

ஓடினேன். ஜொகூரில் மாப்பிள்ளை, தாத்தா காலத்தில் கூலாய்ப் பக்கம் தோட்டத்துக்கு வந்த குடும்பம், வருடம் முழுக்க வெயில் என்று தரகர் சொன்னார். கடைசிச் சொல்லுக்காகத்தான் தலையாட்டினேன் என்று என் வீட்டுக்காரரை இன்றைக்கும் சீண்டுவேன். அவர் துறைமுகத்தில் லோரி ஓட்டுகிறார். "அப்ப வெயிலுக்குக் கல்யாணம் பண்ணிக்கிட்ட, நான் ஃப்ரீயா வந்தேன்" என்பார்.

நான் இவ்வளவு தூரம் போவதில் அப்பாவுக்குக் கொஞ்சமும் இஷ்டமில்லை. ஊருக்கே அது தெரியும். என்னிடம் மட்டும் அவர் ஒரு வார்த்தை சொல்லவில்லை. கிளம்புவதற்கு முந்தைய வாரம் பேருந்து பிடித்து வத்தலக்குண்டுக்கு இறங்கிப் போய், வளைந்த பிடி வைத்த பெரிய கறுப்புக் குடை ஒன்றை வாங்கிவந்தார். "வெயில் ஊராமுல்ல" என்று கையில் கொடுத்தார். பெட்டிக்குள் நுழையாத அந்தக் குடையை விமான நிலையத்தில் ஆளாளுக்கு வாங்கித் திருப்பிப் பார்த்தார்கள். எனக்கு வெட்கமாக இருந்தது. இன்றும் அது எங்கள் வீட்டுக் கதவுக்குப் பின்னால் தொங்குகிறது. கம்பி இரண்டு முறை மாற்றியாயிற்று.

3

வந்த புதிதில் நான் பட்ட பாட்டைச் சொன்னால் சிரிப்பீர்கள். வெளிநாட்டு மனைவி என்றால் வருடா வருடம் விசாவைப் புதுப்பிக்க வேண்டும். வீட்டுக்காரரும் கூடவே வந்து முகம் காட்ட வேண்டும். "இவர்தான் உன் கணவரா?" என்று வருடம் தவறாமல் கேட்பார்கள். ஒருமுறை அவரோடு சண்டை போட்டுக்கொண்டு போயிருந்தபோது, "இன்றைக்கு மட்டும் இல்லை" என்று சொல்லத் தோன்றியது. நிரந்தரவாசிக்கான சிவப்பு அடையாள அட்டை கைக்கு வரும்போது என் மகள் தர்ஷினி மேல்நிலைப்பள்ளிக்கே போய்விட்டாள்.

பேச்சும் மாறிவிட்டது. முதன்முறை ஊருக்குப் போனபோது ஓட்டலில், "மிச்சத்தை தப்பாவ் பண்ணிக்கலாம்" என்றேன். கட்டி எடுத்துக்கொண்டு போவதற்கு இங்கே அப்படித்தான் சொல்வோம். அப்பா பரிமாறுகிறவரிடம் திரும்பி, "தப்பா ஒண்ணும் எடுத்துக்கிறாதீக, புள்ள ஊரு மாறிப் போச்சு" என்றார்.

தொலைபேசியில் அப்பாவோடு நான் ஒரு நாளும் முழுதாகப் பேசி முடித்ததில்லை. நான் பாதியில் இருக்கும்போதே, "சரித்தா, வையி, வேலை கெடக்கு" என்று துண்டித்துவிடுவார். இத்தனை வருடத்தில் நானாக வைத்ததே இல்லை. அம்மா மட்டும் பின்னாலிருந்து, "புள்ள பேசட்டும்யா" என்று கத்துவார்.

அம்மா போன வருடம் போய்விட்டார். கார்த்திகையில் வருடத் திதிக்கு ஊருக்குப் போனபோதுதான் அப்பாவின் வலது கையைப் பார்த்தேன். மோதிரவிரல் நுனி கறுத்திருந்தது. விரல்களெல்லாம் வெடித்து, வெடிப்புக்குள் மண் ஏறியிருந்தது. முந்தைய பனிக்காலத்தில் அம்மாவின் பக்கத்துப் பாத்திகளுக்கும் அவரே தண்ணீர் விசிறியிருக்கிறார். வத்தலக்குண்டு மருத்துவரிடம் கூட்டிப்போனேன். விரலுக்கு ரத்தம் சரியாக ஓடவில்லை என்றார் அவர். "இன்னொரு பனிக்காலம் இந்தக் கையை நனைச்சா விரலை எடுக்க வேண்டி வரும்மா. ஒண்ணோட நிக்கும்னும் சொல்ல முடியாது" என்றார். அப்பா சுவரிலிருந்த காலண்டரைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

திருப்பூரிலிருக்கும் தம்பி கூப்பிட்டான், போகமாட்டேன் என்றுவிட்டார். நான் அழுது அடம்பிடித்து, "ஒரே ஒரு மாசம் வந்து இருந்துட்டு வாங்கப்பா" என்று ஜொகூருக்குக் கூட்டிவந்தேன். ஒரு மாதம் என்று வாய்தான் சொன்னது. பனிக்காலம் முடியும்வரை, முடிந்தால் அதற்குப் பிறகும், அப்பாவை என்னோடு வைத்துக்கொள்வதுதான் என் திட்டம். கேரட் விதைப்பு முடிந்திருந்தது. பக்கத்துத் தோட்டக்காரர் ஒருவரைப் பார்த்துக்கொள்ளச் சொல்லிவிட்டு, மனமில்லாமல்தான் விமானம் ஏறினார்.

4

மாசாயில் அப்பாவுக்குச் செய்ய ஒன்றுமில்லை. விடிவதற்கு முன்பே எழுந்துவிடுவார். எங்கள் வீட்டு முன்பக்கம் முழுவதும் சிமென்ட். பின்சந்தில் நான் வைத்திருக்கும் நாலு தொட்டியையும் வந்த முதல் நாளே கொத்திக் கிளறிவிட்டார். மறுநாள் தனபாலன் அண்ணன் வீட்டுத் தொட்டிகள். அதற்கு அடுத்த நாள் தெருமுனைச் சீனப் பாட்டியின் மிளகாய்ச் செடிகள். பிறகு தொட்டி தீர்ந்துவிட்டது.

"கேரட் போட்டுப் பாருங்களேன்பா" என்றேன். காலையில் தொட்டி மண்ணுக்குள் விரலை விட்டுப் பார்த்தார்.

"மண்ணு சுடுது. விடியக்காலமே மண்ணு சுட்டா கேரட்டு எங்கிட்டுத்தா உருளும்?"

ஆனால் கை ஆறிக்கொண்டுவந்தது. வெடிப்புகள் மூடின. மோதிரவிரலின் கறுப்பு மங்கி, நகத்தடியில் சிவப்புத் தெரிந்தது. நான் தினமும் அந்தக் கையை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்து, "பாத்தீங்களா, பாத்தீங்களா" என்பேன். என் கட்சிக்கு அதுதான் சாட்சி. அப்பாவுக்கு அதில் பெருமை ஒன்றும் இல்லை. தன் உள்ளங்கையைத் தானே தடவிப் பார்த்து, "மெத்துமெத்துன்னு ஆயிப்போச்சு. தோட்டக்காரன் கையின்னு சொல்லவே வெக்கமா இருக்கு" என்றார்.

தனபாலன் அண்ணன் டுரியான் வெட்டும்போது அப்பா அந்தக் கையுறையைக் கவனித்துவிட்டார். வாங்கிப் போட்டுப் பார்த்தார். வாளித் தண்ணீருக்குள் மணிக்கட்டு வரை முக்கி எடுத்து, கழற்றி, விரல்களை முகர்ந்தார். முக்கி எடுத்த கை காய்ந்திருந்தது.

"இது எங்கத்தா செய்யிறாக?"

"நாங்கதான்பா. என் கம்பெனி."

"இத்தன வருசமா இதையா செய்யிற? ஏன் சொல்லவே இல்ல?"

சொல்லியிருக்கிறேன். கையுறை செய்கிறோம் என்று பல முறை சொல்லியிருக்கிறேன். ஆஸ்பத்திரிக் கையுறை என்று நினைத்திருக்கிறார். நான் விளக்கமாகச் சொல்வதற்குள் அவர்தான் தொலைபேசியை வைத்துவிடுவாரே.

"எனக்கு ஒரு சோடி கொண்டாத்தா. தைக்குள்ள ஊருக்குப் போயிரணும்."

அன்றிலிருந்துதான் எங்கள் யுத்தம் ஆரம்பித்தது.

5

முதலில் நான் குடிநுழைவு அலுவலகத்தை நம்பினேன். அப்பாவின் ஒரு மாத விசாவை நீட்டிக்க முடியுமா என்று கேட்க அவரையும் அழைத்துக்கொண்டு போனேன். வரிசை எண் வாங்கிக்கொண்டு காத்திருந்தோம். கண்ணாடிக்குப் பின்னால் தலைக்குத் துடுங் முக்காடு போட்ட இளம்பெண் இருந்தாள். என் மலாய் வீட்டுக்கும் சந்தைக்கும் போதும், அதிகாரியிடம் போனால் நொண்டும். "அப்பாவுக்குக் குளிர்ந்த கை, அதனால் ஊருக்குப் போகக் கூடாது" என்றேன். மலாய்க்காரர்கள் பேச்சில் குளிர்ந்த கை என்றால் நட்டதெல்லாம் தழைக்கும் கைராசிக்காரர் என்று பொருள். அந்தப் பெண்ணின் முகம் மலர்ந்துவிட்டது. தன் அம்மா வைத்த கறிவேப்பிலை பட்டுப்போவதைச் சொல்லி, என்ன செய்யலாம் என்று அப்பாவிடம் கேட்டாள். அப்பா கண்ணாடித் துளை வழியாகக் குனிந்து, "வேரு அழுகியிருக்கும்மா, தண்ணிய நிப்பாட்டு" என்றார். நான் மொழிபெயர்த்தேன். பின்னால் வரிசை முறைத்தது.

விஷயத்துக்கு வந்தபோது, மருத்துவமனையில் சேர்ந்திருந்தால்தான் நீட்டிக்கப் பார்க்கலாம், மற்றபடி விதி இல்லை, மன்னிக்க வேண்டும் அக்கா என்றாள். அன்பாகத்தான் சொன்னாள். வெளியே வந்து நான் கண்ணைத் துடைத்துக்கொண்டிருந்தேன். அப்பா, "நல்ல புள்ள" என்றார்.

ஊருக்குத்தான் போயாக வேண்டும் என்றாலும் திருப்பூருக்குப் போகலாமே, தோட்டத்துக்கு எதற்கு? அடுத்த முயற்சி அதுதான். தம்பியிடம் பேசினேன். மாடியில் தனியறை இருப்பதாகச் சொன்னான். அப்பா சோற்றைப் பிசைந்தபடியே எல்லாவற்றையும் கேட்டுவிட்டுச் சொன்னார்: "அவன் வீட்டுல நான் விருந்தாளி. உன் வீட்டுலயும் விருந்தாளி. என் தோட்டத்துல நான் மொதலாளித்தா. ஒரு மனுசன் எத்தன மாசம் விருந்தாளியா இருக்க முடியும்?"

எனக்குக் கோபம் வந்தது. "விரல் போனா மொதலாளி எதால குழாயப் பிடிப்பாரு?" என்று கேட்டுவிட்டேன். அப்பா கையைக் கழுவிக்கொண்டு எழுந்து போனார்.

6

வருடக் கடைசியில் எங்கள் தொழிற்சாலையில், சாயம் சரியாகப் பிடிக்காத ஜோடிகளைத் தொழிலாளிகளுக்கு விற்பார்கள். ஜொகூரில் யாருக்கு வேண்டும் குளிர்காலக் கையுறை? வலது கை, இடது கை இரண்டும் இருந்தாலும் டுரியானுக்கு ஒன்றுதானே தேவை. பெரும்பாலும் யாரும் வாங்குவதில்லை. நான் ஒரு ஜோடி வாங்கினேன். பச்சை நிறம், மணிக்கட்டில் ஒரு திட்டு வெளுத்திருந்தது. காவலரிடம் சீட்டைக் காட்டி வெளியே கொண்டுவந்தேன்.

ஏன் வாங்கினேன் என்று கேட்காதீர்கள். கை தானாக எடுத்தது.

பையைத் திறந்ததும் அப்பா பார்த்துவிட்டார். "எனக்குத்தான?"

"இல்ல."

"பின்ன யாருக்கு?"

"யாருக்கும் இல்ல. இதக் குடுத்தா நீங்க கெளம்பிருவீங்க."

அவர் பார்த்துக்கொண்டிருக்கும்போதே நாற்காலி போட்டு ஏறி அலமாரியின் மேல் வைத்தேன். அப்பாவுக்கு எட்டாத உயரமில்லை. ஆனால் நானாகக் கொடுக்காமல் அவர் தொடமாட்டார் என்று எனக்குத் தெரியும். அவரும் நாற்காலியைத் திரும்பிப் பார்க்கவில்லை.

மறுநாள் வேலை முடிந்து வந்தால், கூடத்தில் அப்பா உட்கார்ந்திருக்கிறார். முன்னால் எங்கள் வீட்டு இடது கைகள். ஒன்றை உள்ளும் வெளியுமாகப் புரட்டியிருக்கிறார். இடது கையைப் புரட்டினால் வலது கை ஆகும்தானே. ரப்பர் உள்ளே போய், கம்பளிப் பஞ்சு வெளியே வந்து, கரடிக்குட்டியின் கை மாதிரி ஒன்று அவர் வலது கையில் இருந்தது.

"நீ தரலன்னா என்ன, எனக்கு ஆயிப்போச்சு" என்று அதை ஆட்டிக் காண்பித்தார்.

"அப்பா! பஞ்சு தண்ணியக் குடிக்கும். நனைஞ்ச பஞ்சு கையில ஐஸ் கட்டி வச்ச மாதிரிப்பா. வெறுங்கையே தேவலாம்!"

"பரவால்ல. இருக்கறத வச்சுத்தான ஓட்டணும்."

விளையாட்டுக்குச் சொல்கிறார் என்று முதலில் நினைத்தேன். முகத்தைப் பார்த்தேன். விளையாட்டில்லை. அந்தக் கரடிக் கையோடுதான் பனிக்குள் போய் நிற்கப்போகிறார். நான் சமையலறைக்குள் போய்ப் பாத்திரங்களைச் சத்தம் வரக் கழுவினேன்.

தர்ஷினி சிங்கப்பூரில் வேலை பார்க்கிறாள். இருட்டோடு மோட்டார் சைக்கிளில் பாலம் தாண்டிப் போகிறவள் திரும்பி வரும்போது பேசத் தெம்பில்லாமல் வருவாள். ஞாயிற்றுக்கிழமை மட்டும்தான் எங்களுக்கு மகள். அங்கேயே அறை எடுத்துத் தங்கிக்கொள்ளட்டுமா என்று சில மாதங்களாகக் கேட்டுக்கொண்டிருக்கிறாள். நான் பேச்சை மாற்றிக்கொண்டிருக்கிறேன். அந்த ஞாயிற்றுக்கிழமை தோசைக்கல்லுக்குப் பக்கத்தில் வந்து நின்றாள்.

"ம்மா, தாத்தா பாவம் லா. அந்த கிளவ்ஸ எடுத்துக் குடுங்களேன்."

"உனக்குத் தெரியாது. அந்தக் குளிர் உனக்குத் தெரியாது. விரலை எடுத்துருவாங்க."

"குடுக்கலன்னா மட்டும் போகாம இருக்கப் போறாரா? டிக்கெட் போட்டாச்சு தானே?"

நான் அடுத்த தோசையை ஊற்றினேன்.

"நீங்க இங்க வரும்போது தாத்தா உங்க பாஸ்போர்ட்ட எடுத்து அலமாரி மேல வச்சாரா?"

"இல்ல."

"அப்புறம் என்ன பண்ணாரு?"

"குடை வாங்கிக் குடுத்தாரு" என்றேன்.

சொன்ன பிறகுதான் நான் என்ன சொன்னேன் என்று என் காதில் விழுந்தது. தர்ஷினி கரண்டியை என் கையிலிருந்து வாங்கித் தோசையைத் திருப்பிப் போட்டாள். ஒரு பக்கம் கருகியிருந்தது.

7

கையுறையை நானே இறக்கினேன். கொடுப்பதற்கு முன்னால் எனக்குத் தெரிந்த சோதனையெல்லாம் செய்தேன். ஜன்னல் வெளிச்சத்தில் ஒவ்வொரு விரலிடுக்கையும் விரித்துப் பார்த்தேன். மணிக்கட்டைச் சுருட்டிக் காற்றை உள்ளே அடைத்து, கன்னத்தோடு வைத்து அமுக்கினேன். எங்கும் காற்று கசியவில்லை. ஆனாலும் மனம் ஆறவில்லை. இந்த வேலையில் இருக்கிறவளுக்குத் தெரியும், கண்ணுக்கும் கன்னத்துக்கும் தப்புகிற ஓட்டைகள் உண்டு. உறுதியாகத் தெரிய வேண்டுமென்றால் வெட்ட வேண்டும். கத்தரி மேசைமேலேயே இருந்தது. மற்ற எந்தக் கையுறைக்காகவும் நான் இப்படிப் பயந்ததில்லை.

செனாய் விமான நிலையத்தில், உள்ளே போகும் வாசலுக்கு முன்னால் வைத்துத்தான் கொடுத்தேன். வீட்டில் வைத்துக் கொடுத்தால் அழுதுவிடுவேன் என்று நினைத்தேன். விமான நிலையத்திலும் அழுதேன். அப்பா இரண்டையும் அங்கேயே போட்டுக்கொண்டார். குளிரூட்டி ஓடினாலும் ஜொகூர் ஜொகூர்தானே, போகிறவர்கள் எல்லாம் திரும்பித் திரும்பிப் பார்த்தார்கள்.

"மகளுக்குத்தான் அப்பன் சீர் செய்வான். நீ அப்பனுக்குச் செய்யிற" என்றார்.

"வலது கைய வெட்டிப் பாக்கலப்பா. உள்ள தண்ணி வந்துச்சுன்னா உடனே கழட்டிருங்க. நனைஞ்சதோட வேலை செய்யாதீங்க. சொல்லுங்க, செய்ய மாட்டேன்னு."

"செய்ய மாட்டேன்."

"முத தடவ போட்டுத் தண்ணி விசிறுன உடனே எனக்குப் போன் பண்ணுங்க. கை காஞ்சிருக்கான்னு எனக்குக் காட்டணும். காட்டுனாத்தான் நம்புவேன்."

"சரித்தா."

கையுறையோடேயே கையை ஆட்டிக்கொண்டு போனார். என் வீட்டுக்காரர், "உங்க கம்பெனி பெட்டி மேல போட வேண்டிய படம் இதுதான்" என்றார். நான் சிரித்துவிட்டேன்.

8

தை பிறந்த சில நாட்களில் மன்னவனூரில் பனி விழுந்தது. பக்கத்துத் தோட்டக்காரர் மகன் எடுத்த படத்தைத் தம்பி அனுப்பியிருந்தான். புல்லெல்லாம் வெள்ளை. மறுநாள் காலையில் எனக்கு வேலையே ஓடவில்லை. காக் ரோஸிடம் சொல்லியிருந்தேன். அவர் தன் பங்குக்குத் தொட்டிப் பக்கம் திரும்பி ஏதோ முணுமுணுத்துப் பிரார்த்தித்தார்.

தேநீர் இடைவேளைக்குச் சற்று முன்னால் கைப்பேசி அதிர்ந்தது. ஊரில் அப்போதுதான் வெயில் மேட்டைத் தாண்டியிருக்கும். காணொளி அழைப்பு. அப்பா வழக்கம் போல நெற்றியை மட்டும் காட்டினார். பிறகு பாத்தி தெரிந்தது. இலைகள் நனைந்து பச்சையாக நின்றன. பிறகு ஒரு கை திரை முழுவதும் வந்தது.

"பாத்தியா? காஞ்சு கெடக்கு. ஒரு சொட்டு உள்ள போகலத்தா. ரெண்டு பக்கமும் நான் ஒருத்தனே முடிச்சுட்டேன். உங்கம்மா பக்கமும்."

வலது கை, காய்ந்த கை. மோதிரவிரல் மற்ற விரல்களின் நிறத்திலேயே இருந்தது. காக் ரோஸ் என் தோளுக்கு மேலாக எட்டிப் பார்த்துக் கைதட்டினார். மற்ற மேசைக்காரர்களும் கூடிவிட்டார்கள்.

அப்பாவுக்கு அன்றைக்குப் பேச்சு பொங்கியது. கேரட் கிழங்கு எந்தக் கனத்துக்கு வந்திருக்கிறது, பூண்டு எப்படி இருக்கிறது, பக்கத்துத் தோட்டக்காரர் இந்தக் கையுறையைப் பார்த்து என்ன கேட்டார், குடிநுழைவு அலுவலகத்துப் பெண்ணின் கறிவேப்பிலை தழைத்ததா என்று ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கினார். அம்மா போன பிறகு அவர் இவ்வளவு பேசி நான் கேட்டதில்லை. வேலை கிடக்கிறது, வை என்று சொல்லவே இல்லை. பேசப்பேச வாயிலிருந்து புகைபோல மூச்சு வந்தது.

அப்போதுதான் பார்த்தேன். காட்டிய கை வெறுங்கை. அப்படியென்றால் கைப்பேசியைப் பிடித்திருக்கும் கை?

"அப்பா, கையுறை எங்க?"

"அக்குள்ள இடுக்கியிருக்கேன். அதப் போட்டுக்கிட்டு இந்தக் கண்ணாடியத் தொட்டா ஒண்ணும் நகர மாட்டேங்குது. உனக்குக் காட்டணும்ல. அது கெடக்கட்டும், நீ கேளு, உங்கம்மா வச்ச அந்த மேலப் பாத்தி இருக்குல்ல..."

பனிக்குள் இரண்டு கையும் திறந்து கிடந்தன. திரையில் அவர் விரல்நுனிகள் வெளுத்துக்கொண்டுவருவது எனக்குத் தெரிந்தது. மேலப் பாத்தியைப் பற்றி என்ன சொல்ல வந்தார் என்று கேட்க எனக்கு எவ்வளவோ ஆசை. இத்தனை வருடங்களாக நான் காத்திருந்த பேச்சு அதுதான்.

"சரிப்பா, வைங்க, வேலை கெடக்கு" என்று சொல்லிவிட்டு, அவர் முடிப்பதற்குள் நானே வைத்துவிட்டேன்.